கானாப் பயிற்சிக் கொப்பி: 25ஆம் பக்கத்தின் கடைசி எழுத்து

ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டிப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் கிடைக்கும் தமிழ்வழிக் கானாப் பயிற்சிக் கொப்பியைப் பற்றியது இந்த மதிப்பீடு. கானா என்பது ஜப்பானிய ஒலியெழுத்து. அதில் ஹிரகானா, வெளிநாட்டுச் சொற்களையும் பெயர்களையும் எழுதும் கத்தக்கானா என்று இரண்டு வகை. ஏ4 தாள், 64 பக்கம், பிளாஸ்டிக் சுருள் கட்டு, விலை 650 ரூபா. தயாரித்தவர் பெயரோ ஆண்டோ அட்டையில் இல்லை. ஜப்பானிய வகுப்புகள் பெரும்பாலும் சிங்கள வழியில்தான் நடக்கின்றன, கொப்பிகளும் அப்படியே. தமிழில் படித்து உயர்தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளைகள், 2019இல் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவை எண்ணிப் படிக்கத் தொடங்கும்போது முதலில் கையில் எடுப்பது இந்த மாதிரிக் கொப்பியைத்தான். அதனால் இதில் ஒரு பிழை இருந்தால் அது அவர்களின் நாக்கிலும் கையிலும் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். ஹிரகானாவின் 46 எழுத்தில் 45க்கு இது நல்ல கொப்பி. 25ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் கடைசி எழுத்துக்கு மட்டும் இதை நம்ப முடியாது. அந்த ஒரு எழுத்து ‘ன்’. ஜப்பானிய மொழியில் உயிர் சேராமல் தனியே நிற்கும் ஒரே மெய்யொலி எழுத்து அது. பார்த்தால் இருப்பதிலேயே இலகுவான எழுத்து போலத் தெரியும். தமிழ் பேசுகிறவருக்கு அதிகம் பிழைப்பதும் அதுதான்.

நல்லதை முதலில் பார்ப்போம். முதல் இரண்டு பக்கங்களில் ஜப்பானிய எழுத்து வரிசையைத் தமிழ் நெடுங்கணக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர். பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நாம் சின்ன வயதில் ஒப்புவித்த க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ வரிசையில் ஜப்பானியத்தில் இல்லாதவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதே ஒழுங்குதான். ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ நிற்கிறது. அந்த ஹ வரிசையும் பழைய ஜப்பானியத்தில் ப-வாக ஒலித்ததுதான். இரண்டு வரிசையும் ஒத்துப்போவது தற்செயல் இல்லை. சமஸ்கிருத ஒலி வரிசையைக் கற்ற பௌத்த துறவிகளின் வழியாக ஜப்பானிய அட்டவணை அந்த ஒழுங்கைப் பெற்றது. ஆகவே தமிழ்ப் பிள்ளை வரிசையைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதைப் படம்போட்டுச் சொன்ன ஒரு காரணத்துக்காகவே இந்தக் கொப்பியைப் பாராட்டலாம்.

மூன்றாம் பக்கத்திலிருந்து பக்கத்துக்கு இரண்டு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 15 மில்லிமீற்றர் சதுரக் கட்டம், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிக்கோடு, வரிக்குப் பத்துக் கட்டம், மூன்று வரி. முதல் மூன்று கட்டத்தில் மங்கலான எழுத்து, அதன்மேல் எழுதிப் பழகலாம். இந்த அளவு சரியான அளவு. பத்து மில்லிமீற்றர் கட்டத்தில் தொடங்கினால் வளைவுகள் நசுங்கிப்போகும். கொப்பி முடிந்த பிறகும் ஏறக்குறைய இதே அளவு வேண்டுமென்றால், கணக்குக்கு வாங்கும் சதுரக்கோட்டுக் கொப்பியில் நான்கு கட்டத்தை ஒரு கட்டமாகப் பிடித்து எழுதினால் நடுக்கோடும் தானாகவே கிடைத்துவிடும்.

இனி 25ஆம் பக்கம்.

மற்ற எழுத்துகளுக்கு மூன்று வரி கொடுத்தவர்கள் இதற்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். மிச்ச இடத்தில் ‘வாழ்த்துகள், ஹிரகானா முடிந்தது’ என்று பூப்படம். எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கம் இவ்வளவுதான்: ‘தமிழ் ன் போலவே உச்சரிக்கவும்.’ அட்டவணையில் இது ஒட்டாமல் கடைசியில் நிற்பதால் இப்படி நடந்திருக்கும். ஒவ்வொரு கானாவும் ஒரே ஒரு தடவை வரும்படி கட்டிய பழைய எழுத்துப் பாட்டில் 47 எழுத்து உண்டு, ‘ன்’ அதில் கிடையாது. ஒரு காலத்தில் ‘மு’ எழுத்தையே இந்த ஒலிக்கும் எழுதினார்கள். 1900இல் ஆரம்பப் பாடசாலைகளுக்காக ஒரு ஒலிக்கு ஒரு வடிவம் என்று ஜப்பானிய அரசு வரையறுத்தபோதுதான் கானாவின் இன்றைய வடிவங்கள் நிலைபெற்றன. வரலாற்றில் கடைசியில் வந்த எழுத்து என்பதால் கற்பிக்கும்போதும் கடைசியில் ஒதுக்கிவிட முடியாது. ‘ன்’ வராமல் ஜப்பானிய மொழியில் நான்கு வசனம் சேர்ந்தாற்போல் பேசுவது கடினம். ஒருவரை மரியாதையாக அழைக்கச் சேர்க்கும் ‘ஸன்’னிலேயே அது இருக்கிறது.

எழுதும் முறை. ஹிரகானா ‘ன்’ ஒரே கோட்டில் எழுதும் எழுத்து. கொப்பியில் இதற்கு 1, 2 என்று இரண்டு அம்புக்குறி போட்டிருப்பது பிழை. இரண்டாவது அம்பை வெட்டிவிடுங்கள். கட்டத்தின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டை ஒட்டிப் பென்சிலை வைத்து, இடது கீழ் மூலையை நோக்கிச் சாய்வாக இழுக்க வேண்டும். மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, பென்சிலை எடுக்காமல், வந்த கோட்டின் மேலேயே பாதித் தூரம் திரும்ப ஏற வேண்டும். அங்கிருந்து வலப்பக்கம் வளைந்து இறங்கி, அடியில் சிறு குழிபோல வாங்கி, வலது மேல்நோக்கி வீசி விட வேண்டும். அந்த வால் கட்டத்தின் நடு உயரத்துக்கு வந்து மெலிந்து முடியும்.

பிழைப்பது மூன்று இடத்தில். சாய்கோடு முடிந்ததும் பென்சிலை எடுத்துவிடுவார்கள், அப்போது வளைவு ஒட்டாமல் விலகி நிற்கும். அல்லது திரும்ப ஏறும்போது பாதியைத் தாண்டி உச்சிவரை போய்விடுவார்கள், எழுத்து அகலமாகித் தலை மொட்டையாகத் தெரியும். மூன்றாவது, வாலை விட்டுவிடுவது. வால் இல்லாவிட்டால் அது ஆங்கிலச் சின்ன ‘எச்’ சாய்ந்து நிற்பதுபோல ஆகிவிடும். கொப்பியில் இருக்கும் பத்துக் கட்டம் இதைத் திருத்தப் போதாது. குறைந்தது ஐம்பது கட்டம் எழுதினால்தான் திரும்ப ஏறும் அந்தப் பாதித் தூரம் கைக்குப் பழகும்.

எழுதுவதற்குப் பேனையை விடப் பென்சில் நல்லது, அதுவும் 2பி. தாள் மெல்லியது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கத்து வீடுகளில் தாள் ஈரத்தில் நமுத்துப்போகும், ஜெல் பேனை மை ஊறிப் பின்பக்கம் தெரியும். மெலிந்து முடிய வேண்டிய வால் அப்போது தடித்த புள்ளியாக நின்றுவிடும். 2பி பென்சிலில் அழுத்தத்தைக் குறைத்தாலே வால் மெலியும்.

எழுத்தை விடப் பெரிய சிக்கல் ஒலியில். ‘தமிழ் ன் போலவே’ என்ற அந்த ஒரு வரியில் கால்வாசிதான் உண்மை. எந்தக் கால்வாசி என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தமிழ் கைகொடுக்கும் இடம். தமிழில் க-வுக்கு முன் ங், ச-வுக்கு முன் ஞ், த-வுக்கு முன் ந், ப-வுக்கு முன் ம் என்று இன எழுத்து வரும். ஜப்பானியத்தில் இத்தனைக்கும் ஒரே எழுத்து, இந்த ‘ன்’. எழுத்து மாறாது, அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து ஒலி மட்டும் தானாக மாறும். நம் ஊர்ப் பெயர்களை ஜப்பானியர் எழுதுவதைப் பார்த்தாலே விளங்கும். ஸ்ரீலங்காவை ஸு-ரி-ர-ன்-க என்று எழுதுவார்கள், அங்கே ‘ன்’ ஒலிப்பது ங். கொழும்பு கொ-ரொ-ன்-பொ. அதே எழுத்துத்தான், ஒலி ம். கண்டி க்ய-ன்-டி. இங்கே நாக்கு நுனி மேலே தொடும், அது ன். ஹட்டன் என்ற பெயரில் அது கடைசியில் வருகிறது, அந்த ஒலி வேறு, பிறகு பார்ப்போம். நான்கு ஊர்ப் பெயரில் ஒரே எழுத்து நான்கு விதமாக ஒலிக்கிறது. செய்தித்தாளுக்கு ஷி-ன்-பு-ன் என்று எழுதி ‘ஷிம்புன்’ என்று சொல்வதும் இதனால்தான். தமிழ்ப் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே தேவையில்லை, இன எழுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். கொப்பியில் அந்தச் சொல் இல்லை. பேச்சுக்குப் பழகிய வாயை வைத்துக்கொண்டு ‘ஷின்புன்’ என்று பிள்ளைகள் நாக்கை மடித்துச் சிரமப்படுவது தேவையில்லாத சிரமம்.

தமிழ் வழுக்கிவிடும் இடங்கள் மூன்று.

ஒன்று, அளவு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பாடசாலையில் படித்தோம். ஜப்பானிய ‘ன்’னுக்கு ஒரு முழு மாத்திரை. ‘க’ சொல்ல எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ‘ன்’னுக்கும் கொடுக்க வேண்டும். புத்தகம் என்ற சொல் ஹொ-ன், இரண்டு தட்டு. கொ-ரொ-ன்-பொ நான்கு. ஸு-ரி-ர-ன்-க ஐந்து. ஹைக்கூவின் முதலடியில் ஐந்து ஒலி வேண்டும் என்கிறார்களே, நம் நாட்டின் பெயர் மட்டுமே அந்த அடியை நிரப்பிவிடும். ஹட்டன் ஜப்பானியத்தில் ஹ-த்-தொ-ன், நான்கு. பயிற்சிக்கு மேசையில் விரலால் தட்டிக்கொண்டு சொல்வதே சிறந்த வழி. ‘ன்’ வரும்போதும் ஒரு தட்டு விழ வேண்டும், வாயில் அதுவரை மூக்கொலி நிற்க வேண்டும். பகல் வணக்கத்தைக் கொப்பி ‘கொனிச்சிவா’ என்று நான்கு தட்டாக அச்சிட்டிருக்கிறது. அது கொ-ன்-னி-ச்சி-வ, ஐந்து தட்டு. ஒரு தட்டைக் குறைத்துச் சொல்லிப் பழகியவருக்குக் கேட்கும்போதும் அது காதில் விழாது. ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எழுதுவது ஜேஎப்டி-பேசிக் என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சை. அதில் கேட்டல் ஒரு தனிப் பகுதி.

இரண்டு, உயிர் ஏறுவது. தமிழில் மெய்க்குப் பின் உயிர் வந்தால் சேர்ந்து உயிர்மெய் ஆகிவிடும். ‘நான் அல்ல’ என்பதை வேகமாகச் சொன்னால் ‘நானல்ல’. யாரும் நினைத்துச் செய்வதில்லை, வாய் தானே செய்கிறது. ஜப்பானிய ‘ன்’ மேல் உயிர் ஏறவே கூடாது. கொப்பியின் 59ஆம் பக்கச் சொற்பட்டியலில் ‘கினென்’ என்ற சொல் இரண்டு தடவை இருக்கிறது. ஒரு இடத்தில் பொருள் ‘நினைவு’, நாலு வரி தள்ளி ‘புகைத்தல் தடை’. படிக்கிற பிள்ளை ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்றுதான் நினைக்கும். கானாவில் பார்த்தால் முதலாவது கி-நெ-ன், மூன்று எழுத்து. இரண்டாவது கி-ன்-எ-ன், நான்கு எழுத்து. தமிழில் பெயர்த்து எழுதும்போது எ போய் ன் மேல் ஏறிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. இதுபோல ‘தனி’ என்று ஒரு சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள், அது த-னி, சரி. அலகு, பாட அலகு என்ற பொருளில் வரும் த-ன்-இ என்ற சொல்லுக்கும் ‘தனி’ என்றே எழுதியிருக்கிறார்கள், அது பிழை.

சரியாகச் சொல்வது எப்படி? உயிருக்கு முன் வரும்போது நாக்கு நுனி மேலே தொடவே கூடாது. ‘கி’ சொல்லி, வாயை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு மூக்கால் ஒரு தட்டு நீட்டி, பிறகு ‘எ’ தொடங்க வேண்டும். நாக்கு தொட்டால் அந்தக் கணமே ‘னெ’ ஆகிவிடும். ய, வ, ஸ, ஹ எழுத்துகளுக்கு முன்னால் ‘ன்’ வரும்போதும் இதே விதிதான்.

மூன்றாவதுதான் தமிழருக்கென்றே உள்ள சிக்கல். சிங்கள வழிக் கொப்பியில் இது வராது. தமிழில் மூக்கெழுத்துக்குப் பின் வரும் வல்லினம் மெலிந்துவிடும். ‘கிளி’யில் வரும் கி வேறு, ‘சங்கிலி’யில் வரும் கி வேறு. எழுதுவது ஒரே எழுத்து. சிங்களத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் சிங்களப் பிள்ளை எழுத்தைப் பார்த்தாலே சரியாகச் சொல்லும். தமிழ்க் கொப்பியில் காலநிலைக்கு ‘தென்கி’ என்று அச்சிட்டால் நம் பிள்ளை அதை ‘என்கிறான்’ என்ற சொல்லில் வரும் கி-யாக வாசிக்கும். சொல்ல வேண்டியது தெ-ன்-கி, கடைசியில் ‘கிளி’யின் கி. நடைப்பயணம் என்ற பொருளில் ச-ன்-பொ, ஒலி ‘சம்பொ’, ஆனால் அந்தப் பொ ‘பொரி’யில் வரும் பொ, ‘கம்பு’வில் வரும் ப அல்ல. இலகு என்பதற்குக் க-ன்-த-ன், அதில் ‘தலை’யின் த, ‘பந்து’வின் த அல்ல. இந்த வேறுபாடு பொருளை மாற்றும். பங்குபற்றுதல் ச-ன்-க, க கடினமாக. அதே சொல்லில் க மெலிந்தால் மலையும் ஆறும் என்ற வேறு சொல்.

இதற்குத் தமிழ் எழுத்தில் முழுத் தீர்வு இல்லை. கையில் இருக்கும் கொப்பியைத் திருத்த ஒரு வழி உண்டு. 57ஆம் பக்கத்திலிருந்து சொற்பட்டியல் முழுக்க, ‘ன்’னுக்குப் பின் கடினமாகவே நிற்க வேண்டிய க, த, ப ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போடுங்கள். எது கடினம் என்று தெரிந்துகொள்ளப் பக்கத்தில் இருக்கும் கானாவைப் பாருங்கள். எழுத்தின் வலது தலையில் இரண்டு சிறு கீறல் இருந்தால் மெலிந்த ஒலி. சின்ன வட்டம் இருந்தால் கடினமான ப. ஒன்றும் இல்லாத க, த கடினம். ஒரு மாலை நேரத்து வேலை. இரண்டு வாரம் கழித்துத் தமிழ்ப் பெயர்ப்பைக் கையால் மூடிக்கொண்டு கானாவை மட்டும் வாசிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’. இங்கே எழுத்துத் தமிழை விடப் பேச்சுத் தமிழ் உதவும். ‘நான் வந்தேன்’ என்று மேடையில் சொல்லும்போது நாக்கு நுனி மேலே ஒட்டும். வீட்டில் சொல்லும்போது ஒட்டுவதில்லை, ‘வந்தே’ என்று நின்று மூக்கால் முடிகிறது. ஜப்பானியச் சொல்லின் இறுதி ‘ன்’ அந்த வீட்டு ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாக்கின் பின்பகுதி உள்நாக்குப் பக்கம் உயரும், நுனி சும்மா கிடக்கும், ஒரு தட்டு நீளும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கண் என்பதைக் ‘கண்ணு’ என்று சொல்லும் பழக்கத்தில் ‘ஹொன்னு’ என்று உகரம் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு எழுத்து கூடிவிடும், கேட்பவருக்குப் புத்தகம் என்று விளங்காது. சோறு என்ற கொ-ஹ-ன் (முதல் எழுத்து மெலிந்த க), பாதுகாப்பு என்ற அ-ன்-ஸெ-ன், ஆபத்து என்ற கி-கெ-ன், எல்லாம் இப்படி முடிகிறவை. கடைசி இரண்டும் வேலைத்தளப் பலகைகளில் தினமும் கண்ணில் படும் சொற்கள்.

ஒரு நல்ல செய்தி. தமிழில் ‘ன’ சொல்லுக்கு முதலில் வராது, கடைசியில் வரும். ஜப்பானிய ‘ன்’னும் அப்படித்தான், சொல்லைத் தொடங்காது. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும் என்று ஜப்பானியப் பிள்ளைகள் விளையாடுவார்கள், நம் வீடுகளில் பாட்டை வைத்து விளையாடுவது போல. ‘ன்’னில் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றுப்போவார், ஏனென்றால் அடுத்தவருக்குத் தொடங்கச் சொல்லே இருக்காது. வகுப்பில் பத்து நிமிடம் இதை விளையாடினால் எந்தச் சொற்கள் ‘ன்’னில் முடிகின்றன என்பது பட்டியல் எழுதாமலே மனதில் நிற்கும்.

கொப்பியோடு வரும் குரல் பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னட்டைக் கியூஆர் குறியை டவுனில் சிக்னல் இருக்கும்போதே பிடித்துத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 46 எழுத்தையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். மற்றவற்றுக்குப் பயன்படும். ‘ன்’னைத் தனியாகக் கேட்டுக் கற்க முடியாது, அது அடுத்த எழுத்தோடுதான் உயிர்பெறும்.

கைபேசியில் தட்டும்போது இதே எழுத்து இன்னொரு தடவை சோதிக்கும். ஆங்கில எழுத்தால் தட்டும் விசைப்பலகையில் ‘என்’ (N) விசையை ஒரு தடவை அழுத்தி ‘ஈ’ (E) தட்டினால் ‘நெ’ வந்துவிடும், புகைத்தல் தடை நினைவாகிவிடும். ‘என்’ இரண்டு தடவை அழுத்தினால்தான் ‘ன்’ பூட்டிக்கொள்ளும், பிறகு தட்டுவது தனி உயிராக விழும். பகல் வணக்கத்துக்கு ‘என்’ மூன்று தடவை வேண்டும்: இரண்டு ‘ன்’னுக்கு, ஒன்று ‘னி’க்கு. இரண்டோடு நிறுத்தினால் கொ-ன்-இ என்று வரும். அந்தச் சொல்லின் கடைசி எழுத்து வ-வாக ஒலித்தாலும் ஹ என்றுதான் தட்ட வேண்டும். பன்னிரண்டு விசை கொண்ட ஜப்பானியப் பலகையில் இந்தச் சங்கடம் இல்லை. ‘வ’ விசையில் விரலை வைத்து மேல்நோக்கித் தள்ளினால் ‘ன்’. தொடக்கத்திலேயே அந்தப் பலகைக்குப் பழகுவது நல்லது.

48ஆம் பக்கத்தில் கத்தக்கானா ‘ன்’னுக்குக் கீழே தமிழ்ப் பெயர்களை எழுதும் பட்டியல் ஒன்று இருக்கிறது. எண்ணம் மிக நல்லது. விண்ணப்பத்திலும் சுயவிவரத்திலும் வெளிநாட்டவர் பெயரைக் கத்தக்கானாவில்தான் கேட்பார்கள். ஆனால் இறுதி ம் எல்லாவற்றுக்கும் இவர்கள் ‘ன்’ போட்டிருக்கிறார்கள். அது தவறு. சொல்லின் இறுதி ம்-க்கு ‘மு’ எழுத வேண்டும், வியட்நாமை பெ-தொ-ந-மு என்று எழுதுவது போல. செல்வம் என்ற பெயர் ‘மு’வில் முடியும். சொல்லின் நடுவில் ப, ம-வுக்கு முன் வரும் மூக்கொலிக்குத்தான் ‘ன்’. சண்முகம் என்ற ஒரே பெயரில் இரண்டும் இருக்கிறது: ஷ-ன்-மு-க-மு. முருகன், சந்திரன் போன்றவை ‘ன்’னில் முடிவது சரி. கணேசன் என்ற பெயர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி இரண்டு எழுத்து ‘ஸ-ன்’ என்று விழுவதால், கேட்பவர் அதை மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு பெயர் ‘கணே’ மட்டும் என்று நினைக்க இடமுண்டு. அறிமுகப்படுத்தும்போது ‘கணேசன் என்பது முழுப்பெயர்’ என்று சேர்த்துச் சொல்லப் பழகுவது நல்லது.

கடைசியாக அச்சு. கத்தக்கானா ‘ன்’னுக்கு இரண்டு கோடு. மேலே இடப்பக்கம் ஒரு சின்னக் கீற்று. பிறகு இடது கீழிருந்து வலது மேல்நோக்கி ஒரு நீண்ட வீச்சு. ‘ஸொ’ எழுத்துக்கும் இதே இரண்டு கோடுதான், ஆனால் நீண்ட கோடு வலது மேலிருந்து இடது கீழ்நோக்கி இறங்கும். கீற்றும் அங்கே நிமிர்ந்து நிற்கும், ‘ன்’னில் அது படுக்கையாகச் சாய்ந்திருக்கும். ‘ஷி’யும் ‘ட்ஸு’வும் இதே சோடிதான், கீற்று மட்டும் இரண்டு. கீழிருந்து ஏறுபவை ‘ன்’, ‘ஷி’. மேலிருந்து இறங்குபவை ‘ஸொ’, ‘ட்ஸு’. கோடு எங்கே தொடங்கியது என்பதைத் தடிப்புத்தான் காட்டும்: தொடங்கும் முனை தடிப்பு, முடியும் முனை கூர்மை.

அதனால்தான் பிரதி முக்கியம். இந்தக் கொப்பி போட்டோ கொப்பி எடுத்து விற்பது. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொன்று என்று போகும்போது முதலில் அழிவது அந்தக் கூர்மைதான். இரண்டு முனையும் ஒரே தடிப்பாகிவிட்டால் ‘ன்’னும் ‘ஸொ’வும் பிரித்தறிய முடியாத ஒரே எழுத்தாகிவிடும், பிள்ளை எந்தப் பக்கமிருந்து இழுப்பது என்று ஊகிக்க வேண்டிவரும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே 33ஆம் பக்கத்து ‘ஸொ’வையும் 48ஆம் பக்கத்து ‘ன்’னையும் மாறி மாறித் திருப்பிப் பாருங்கள். ‘ன்’னின் கூர்முனை மேலேயும் ‘ஸொ’வின் கூர்முனை கீழேயும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பிரதியை வைத்துவிட்டு, முதல் பிரதியிலிருந்து எடுத்துத் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.